மைனியிடம் யாரும் கேட்காதது

மயிலாடி
20-8-1953

அய்யா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பூங்கனி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் அவருடைய அக்கா மைனியும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் மழை விட்டதா, உங்கள் இருமல் விட்டதா என்று எழுதவும்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு மூன்று மாதம். மாசியில் பேறு இருக்கும் என்று மைனி விரல் மடக்கி எண்ணிச் சொன்னார்.

சந்தோஷம்தான். பயமும் இருக்கிறது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிள்ளை இதே வீட்டில் மூச்சில்லாமல் பிறந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பேறு பார்த்தது மைனி. இந்த ஊரில் பாதிப் பேரை எடுத்துப் போட்ட கை அவர் கை. தாயில்லாத என் வீட்டுக்காரரை அக்காவாக இருந்து வளர்த்ததும் அவர்தான். அதனால் பகவதியம்மாள் சொல்லுக்கு மேல் இந்த வீட்டில் வேறு சொல் கிடையாது.

இந்தத் தடவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பைய ஒரு வார்த்தை கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார். அவ்வளவுதான். உங்கள் மாப்பிள்ளை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச எழுந்து போய்விட்டார். வெளியே நல்ல மழை.

நீங்கள் நாலு வரி எழுதினால் மைனி கேட்பாரோ என்னவோ. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
பூங்கனி


பம்பாய்
30-8-1953

அன்புத் தங்கை பூங்கனிக்கு, பொன்னுலிங்கம் எழுதுவது. இருமல் தேவலை. உன் செய்தி கண்டு மனம் குளிர்ந்தது. மாப்பிள்ளைக்கும் மைனிக்கும் என் அன்பைச் சொல்லவும்.

நீ கவலைப்படாதே. ரயில்வே சரக்கு ஆபீசில் பதினோரு வருஷம் ஆட்களோடு வாதாடியே பழகியவன் நான். நெய்யூருக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு ஒன்பது காரணங்கள் வரிசையாக எழுதித் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். எல்லோரையும் உட்கார வைத்து நிறுத்தி நிதானமாகப் படி. சுத்தம், மருந்து, படித்த கைகள், எதையும் விடவில்லை. ஒன்பதாவது காரணத்தைப் படிக்கும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்து. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் அது அறியாமை என்பதுதான் அது.

இதற்குப் பதில் சொல்ல எவராலும் முடியாது.

உன் அண்ணன்
பொன்னுலிங்கம்


மயிலாடி
12-9-1953

அய்யா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே சுகம். எனக்குத்தான் காலையில் ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. உங்களுக்கு அங்கே மீன் கிடைக்கிறதா?

பதில் சொல்ல எவராலும் முடியாது என்று எழுதியிருந்தீர்கள். மைனியால் முடிந்தது.

நம் தெரு வழக்கம் உங்களுக்கு மறந்துபோயிருக்கும். கடிதம் வந்தால் தபால்காரர் நிற்கும்போதே சத்தமாகப் படித்துவிட வேண்டும். மடித்துக்கொண்டு உள்ளே போனால் சாவுச் செய்தி என்று நினைத்து எதிர்வீட்டு இசக்கி மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள். ஆகவே உங்கள் ஒன்பது காரணங்களையும் தெருவே கேட்டது. கல் கொத்துகிறவர்கள்கூட உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

சுத்தம் என்று படித்தேன். "பின்னே நான் என்ன சாணி அள்ளுன கையோடயா பிள்ளை எடுக்கேன்?" என்றார் மைனி. படித்த கைகள் என்று படித்தேன். "இத எழுதுனவனை எடுத்தது எந்தக் காலேஜ் கை? எங்க அம்ம கைதான், கேட்டியா!" என்றார். தெருவே சிரித்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் மைனி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பதாவதில் சிரிப்பு நின்றது. "அந்த வார்த்தைய இன்னொருக்கா படி ஏட்டி" என்றார். படித்தேன். "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

முன்பு அவர் "என்னத்துக்கு" என்று கேட்கவாவது செய்தார். இப்போது தெருவின் முன்னால் மாட்டேன் என்று சொன்னவர் ஆகிவிட்டார். எப்படி இறங்கி வருவார்?

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

பூங்கனி


பம்பாய்
23-9-1953

பூங்கனிக்கு ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. படித்ததும் அடுப்பில் போடு.

உன் மைனிக்கு வெறும் வீம்பு. தன் பெயர் போய்விடும் என்று உன்னை வைத்து விளையாடுகிறார். முதல் பிள்ளை போனது யார் கையில் என்று ஊருக்கே தெரியும், வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். நான் சொல்கிறேன். மாப்பிள்ளையை நம்பிப் பயனில்லை. அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகியவர் அவர். நீ ஒரு நாள் பஸ் ஏறி நெய்யூருக்குப் போய்விடு. அப்புறம் என்ன செய்வார்கள் பார்க்கலாம்.

தைரியமாக இரு.

பொன்னுலிங்கம்


மயிலாடி
5-10-1953

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, குமாரதாஸ் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் பூங்கனி குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தாள். தபால்காரர் நின்றார், அக்கா வந்தாள், இசக்கி வந்தாள். நான்தான் பிரித்தேன். 'நீ மட்டும் படி' என்ற வரியையும் சத்தமாகவே படித்தேன். படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் மண்டையில் ஏறியது. அங்கே நிறுத்தினால் சாவுச் செய்தி என்று நினைத்துவிடுவார்களே என்று பதறி மிச்சத்தையும் படித்துவிட்டேன். முந்தானை வரி உட்பட.

அக்கா அடுக்களைக்குள் போய் அரிசி புடைத்தாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "இனி நெய்யூர்ப் பேச்சை எவனாவது எடுத்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். இரண்டு நாளாக அவளும் சாப்பிடவில்லை, பூங்கனியும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தாலும் நீங்கள் இப்படி எழுதியிருக்க வேண்டாம்.

இப்படிக்கு
குமாரதாஸ்


மயிலாடி
8-11-1953

அய்யா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு, நான் சுகம். பிள்ளை அசைகிறது. ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. கோபமா, வெட்கமா? வெட்கமாக இருந்தால் நல்லது.

மைனி பேசுகிறார், ஆனால் உப்பு போதுமா, கதவைச் சாத்தினாயா என்பதோடு சரி. என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை. அவருக்குத் தெரியாமல் நான் பஸ் ஏறிப் போவேன் என்று நீங்கள் நினைத்தது தப்பு. பிள்ளை பிறந்த பிறகு நான் திரும்பி வர வேண்டிய வீடு இது.

அண்ணா, உங்களுக்கு ஜெயிக்க வேண்டும். எனக்குப் பிள்ளை வேண்டும். இரண்டும் ஒன்று என்று நானும்தான் நம்பினேன். உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மைனியிடம் கேட்பதாக ஒரு கேள்விகூட இல்லை. அவர் சொல்லாததற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரியாது. நாம் யாரும் கேட்கவில்லை.

நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்க முடியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு, இப்போது எழுத வரவில்லை.

பனி ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போங்கள்.

பூங்கனி


பம்பாய்
20-11-1953

அன்புள்ள மைனிக்கு, பொன்னுலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இந்தத் தாளைத் தெருவில் நின்று படிக்கச் சொல்லுங்கள். என் கடிதத்தால் உங்களுக்கு எல்லோர் முன்னாலும் அவமானம் வந்தது. மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். அறியாமை என்று எழுதியது தப்பு. கையைப் பற்றி எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. மாப்பிள்ளையும் மன்னிக்கட்டும். நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இரண்டாவது தாளை மட்டும் பூங்கனி அடுக்களையில் உட்கார்ந்து உங்களுக்குப் படிக்கட்டும்.

மைனி, நெய்யூர் என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? இதைத் தவிர எனக்கு இன்றைக்குக் கேட்க வேறொன்றும் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் அதை மறுத்து ஒரு வரி எழுத மாட்டேன். நினைத்ததை நினைத்தபடி பூங்கனியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சொல்ல இஷ்டமில்லை என்றால் அதற்கும் நான் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்
பொன்னுலிங்கம்


மயிலாடி
6-12-1953

அய்யா துணை.

கொழுந்தன் பொன்னுலிங்கத்துக்கு பகவதியம்மாள் சொல்லி பூங்கனி எழுதுவது. அய்யா உண்டு. முழங்கால் அப்படியேதான் இருக்கு. நீ சொகமா இரி.

உன் மொதல் தாள தெருவுல படிச்சா. இசக்கி அழுதுட்டா. எனக்கு அழுக வரல. ரெண்டாவது தாளுக்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து நாளு ஆச்சு. இவ தெனமும் பேனாவ எடுத்துட்டு வந்து இருப்பா, நான் போ ஏட்டின்னு வெரட்டுவேன். இண்ணைக்குச் சொல்லுதேன்.

அண்ணைக்கு வெடியக் காலத்துல இவளுக்கு வலி எடுத்துது. கால் மொதல்ல வந்துது. அப்பிடி வந்த பிள்ளைய நான் முன்ன ரெண்டு தடவ எடுத்திருக்கேன். ரெண்டும் பொழச்சுது. இருந்தாலும் வண்டி பூட்டச் சொல்லலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அப்போ உன் கடுதாசி ஞாபகம் வந்துது. அதுக்கு முந்துன மாசம் இவ உனக்கு எழுதிக் கேட்டிருந்தா, நெய்யூருக்குப் போகட்டான்னு. நீ என்ன எழுதுன? "மைனி கை இருக்கும்போது ஆஸ்பத்திரி எதுக்கு, வீண் அலைச்சல்". தெருவுல படிச்சதுதான். நான் ஒரு வார்த்தை மறக்கல. எனக்கு அண்ணைக்கு அவ்வளவு பெருமையா இருந்துது மக்கா. அந்தப் பெருமையில வண்டிய வேண்டாம்னு வச்சுட்டேன். தலை சிக்கிட்டுது.

உன் மேல பழி போடல. முடிவு என்னோடதுதான்.

நெய்யூர்ன்னா மனசுல என்ன வருதுன்னு கேட்ட. இவ அங்க போயி பிள்ளை உசுரோட பெறந்தா, மொத பிள்ளைய நான்தான் கொன்னேன்னு ஆயிரும் இல்லியா? ஊரு சொல்லுகதக் கூட தாங்குவேன். எனக்கே அப்பிடி ஆயிருமே. அதான். வேற ஒண்ணும் இல்ல.

(அண்ணா, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மைனி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இதோடு மடித்து அனுப்புகிறேன்.)


பம்பாய்
18-12-1953

அன்புள்ள மைனிக்கு, பொன்னுலிங்கம் வணக்கம். உங்கள் கடிதத்தை எட்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

மறுக்க மாட்டேன் என்று சொன்னேன். மறுக்கவும் ஒன்றுமில்லை. அந்த 'வீண் அலைச்சல்' கடிதத்தை நான் மறக்கவில்லை, மைனி. பூங்கனியும் அதைப் பற்றி ஒரு நாளும் எனக்கு எழுதவில்லை. அவள் எழுதாததால் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கையைக் குற்றம் சொன்னால் என் கை தப்பிக்கும் அல்லவா? ஒன்பது காரணம் எழுதியவன் இந்தப் பத்தாவதை எழுதவில்லை. இதை உங்களிடம் சொன்ன பிறகு எனக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வருகிறது.

இனி நான் எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. கேட்கத்தான் செய்கிறேன். ஏழு மாதம் ஆகிறதே, பிள்ளை எப்படி இருக்கிறது என்று உங்கள் கை சொல்கிறது? அங்கே உள்ளவர்கள் கை என்ன சொல்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து வர உங்களுக்கு விருப்பம் உண்டா? பேறு எங்கே என்பது வேறு பேச்சு. அதை நீங்களும் பூங்கனியும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள்.

குளிர் காலம், முழங்காலுக்கு எண்ணெய் சூடாக்கிப் போடுங்கள்.

பொன்னுலிங்கம்


மயிலாடி
12-1-1954

அய்யா துணை.

பொன்னுலிங்கத்துக்கு பகவதியம்மாள் சொல்லி எழுதுவது. அய்யா உண்டு. எண்ணெய் போட்டேன், கொள்ளாம், வலி கொறைஞ்சிருக்கு.

உன் கடுதாசி வந்த அண்ணைக்கே இவ வயித்தத் தொட்டுப் பாத்தேன். மூணு மாசமா தொடாம இருந்ததுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும். பிள்ளைக்கத் தலை மேல இருக்கு. இந்தத் தடவையும்.

நான் ஒண்ணு செஞ்சேன். அந்த நெய்யூர்க்காரிகளுக்கு எவ்வளவு தெரியும்னு பாத்துருவோம்னு, "தலை மேல, முதுகு இடப்பக்கம்" அப்பிடீன்னு ஒரு துண்டுத் தாளுல இவளைக் கொண்டு எழுத வச்சு மடிச்சு இடுப்புல சொருகிட்டேன். அய்யாவ நெனச்சு நெத்தியில நாமம் இட்டுட்டு மூணு பேரும் பஸ் ஏறிப் போனோம். தேவகனின்னு ஒரு நர்சு. சின்னப் பொண்ணு. கைய வச்சுப் பாத்துட்டு, "தலை மேல இருக்கும்மா, முதுகு இடப்பக்கம்" அப்பிடீன்னா. நான் தாள எடுத்துக் குடுத்தேன். அவ வாசிச்சுட்டு என்னையப் பாத்து, "அம்மா, இத யாரு பாத்தது?" அப்பிடீன்னா. நான்னு சொன்னேன். எழும்பி நின்னு எனக்கு நாற்காலி போட்டா மக்கா.

அதுக்கப்புறம் நான் கேட்டேன், தலை சிக்குனா நீங்க என்ன செய்வியன்னு. அவ ஒரு துணிப் பொம்மைய வச்சு செஞ்சு காட்டுனா. மூணு தடவ காட்டச் சொன்னேன். அந்தக் கைவாகு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுகதுல எனக்கு என்ன கொறச்சல்?

பேறு நெய்யூர்லதான். பக்கத்துலேயே ஒரு அறை பாத்தாச்சு. பத்து நாளு முன்னாலேயே போயிருவோம். நானும் போவேன், பானை சட்டியெல்லாம் எடுத்துட்டு. இத நீ சொல்லித் தீர்மானிக்கல, கேட்டியா. என் கையும் அவ கையும் ஒண்ணு சொல்லிச்சு. ஆனா நீ அந்தக் கேள்வி கேக்காம இருந்திருந்தா நான் பஸ்சு ஏறியிருக்க மாட்டேன். அதையும் எழுது ஏட்டின்னு இவகிட்ட சொல்லியாச்சு.


நெய்யூர்
20-2-1954

அய்யா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு, பூங்கனி எழுதுவது. தந்தி கிடைத்திருக்கும். பெண் பிள்ளை. ஆறு நாளாகிறது, இருவரும் சுகம். உட்கார்ந்து எழுத முடிகிறது என்பதே உங்களுக்கு நல்ல செய்தியாக இருக்கட்டும்.

கால்தான் முதலில் வந்தது. பிறந்ததும் அழவில்லை. எனக்கு உயிரே இல்லை. டாக்டரம்மா என்னவோ செய்தார், நர்ஸ் என்னவோ செய்தாள். கடைசியில் வீறிட்டு ஒரு அழுகை. வாசலில் நின்ற உங்கள் மாப்பிள்ளை அதைக் கேட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

நேற்றுக் காலையில் டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தபோது மைனி முன்னால் போய் நின்றார். முதல் பிள்ளை பிறந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். அப்புறம் கேட்டார்: "அண்ணைக்கு இவள இங்க கொண்டு வந்திருந்தா பொழச்சிருக்குமா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிழைத்திருக்கலாம். வண்டியில் வரும் வழியிலேயே போயிருக்கவும் கூடும். உண்மையாகவே எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

மைனி தலையை ஆட்டினார். டாக்டரம்மா போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, நீ என்ன நெனச்ச? உள்ளதச் சொல்லு" என்றார்.

நான் முன்பு எழுத வரவில்லை என்றேனே, அது இதுதான். "நான் உங்களைத்தான் குறை நினைச்சேன் மைனி. அதுக்குப் பிறகு ஒரு மாசம் உங்க கையால சாப்பிட மனசில்லாம, சாப்பிட்ட மாதிரி காட்டி வாழைத் தோட்டத்துல கொண்டு கொட்டினேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "வாழைக்க அடி மூட்டுல சோறு கெடந்துது. இப்போ?"

"இப்போ இல்லை, மைனி."

அவர் சேலையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிப் பாயில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவர், அப்படியே தூங்கிவிட்டார். நல்ல பகல், வார்டு முழுக்கச் சத்தம். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை, நானும் எழுப்பவில்லை. பிள்ளை அழுதபோது நான்தான் மெல்ல இறங்கி எடுத்துக்கொண்டேன்.

லீவு கிடைத்தால் சித்திரையில் வந்து மருமகளைப் பாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
பூங்கனி